தியேட்டர் இல்லாத தியேட்டர்

ஏறும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, ஏறிய பிறகு பேச்சுக் கொடுக்கக் கூடாது, இறங்கும்போது கையைப் பிடிக்கக் கூடாது. இந்த மூன்று கூடாதுகளையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஆவுடையம்மாள் பெருமாள்புரத்தில் ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினாள். அவளுக்கு நாலு பேர் முன்னால் ஆசீர் ஏறியிருந்தான். ஆறடி உயரம், இருபத்துநாலு வயசு, சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான். ஜெபமணி டீச்சரின் மகன். ஆவுடை பெற்ற பிள்ளை வடிவு இந்நேரம் ஐந்தாறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், அவர்கள் வீடு இருக்கிற ஜங்ஷனில், இதே நம்பர் பஸ்ஸுக்கு எதிர்த்திசையில் நின்றுகொண்டிருப்பாள், அவளுக்குப் பின்னால் ஜெபமணி டீச்சர் நின்றுகொண்டிருப்பாள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாதிரி இது பிள்ளை கொடுத்துப் பிள்ளை எடுக்கிறது என்று சங்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். சங்கத்துக்குப் பதிவு செய்த பெயர் ஒரு முழ நீளத்துக்கு உண்டு, ஆட்டிசம் உள்ளோர் மற்றும் அவர்தம் குடும்பத்தினர் என்று தொடங்கி நலன் காக்கும் என்று ஊர்ந்துபோய் எங்கேயோ முடியும், ஆவுடையே எழுதியதுதான், தாலுகா ஆபீஸில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அப்படித்தான் எழுத வரும். ஆனால் வாரா வாரம் சனிக்கிழமை கூடுவதால் சங்கத்துக்கே சனிக்கிழமை என்று பெயர் விழுந்துவிட்டது. நீங்க சனிக்கிழமையா? ஆமா, நாங்க மூணு வருஷமா சனிக்கிழமை. இன்றைக்கு வெள்ளி. ஆபீஸில் கேஷுவல் லீவு சொல்லியாகிவிட்டது. ஆசீர் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் போய் உட்கார்ந்தான், அது அவன் இடம், அங்கே ஆள் இருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பான். ஆவுடை கடைசி சீட்டுக்குப் போனாள். "முன்னால லேடீஸ் சீட்டு காலியாக் கெடக்குல்லாம்மா, ஏன் தூக்கித் தூக்கிப் போடுத எடத்துல போயி இருக்கிய?" என்றார் கண்டக்டர். "இருக்கட்டும் தம்பி, எனக்கு இதான் தோது" என்று சொல்லி இலவச டிக்கெட்டை வாங்கி வளையலுக்குள் சொருகிக்கொண்டாள். மணி ஒன்பது நாற்பது. வடிவு ஏறியிருப்பாளா? ஒன்பது நாற்பத்தைந்து பஸ். இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது. நீலச் சுடிதார், தோளில் குறுக்காக மாட்டிய பை, பைக்குள் தண்ணீர் பாட்டில், அட்டை, ஒரு பிஸ்கட் பாக்கெட். பாட்டில் மூடியைத் திருகி மூடினேனா?

மூடியிருப்பாள், ஆவுடை மூடாமல் விடுகிற ஆளா? அவளுடைய வியாதியே அதுதான். எல்லாவற்றையும் முந்திக்கொண்டு மூடிவிடுவது, முந்திக்கொண்டு திறந்துவிடுவது. அந்த வியாதிதான் ஒன்பது வாரத்தை வீணாக்கியது. ஒன்பது தடவை வடிவோடு அவள்தான் போனாள், நாலு சீட் பின்னால் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல். ஒன்பது தடவையும் வடிவு சரியான ஸ்டாப்பில் எழுந்து இறங்கினாள். ஆவுடைக்குத் தலைகால் புரியவில்லை, ஒரு சனிக்கிழமை எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். இருபத்துமூன்று வயசுப் பெண் பஸ்ஸில் ஏறி இறங்கியதற்கு லட்டா என்று கேட்கிற ஆள் சங்கத்தில் யாரும் கிடையாது. ஒன்பதாவது தடவை மட்டும், பயிற்சி கொடுக்கிற மைமூன் மிஸ் சும்மா நானும் வாரேன் என்று ஏறினாள். மேலப்பாளையத்துக்காரி, கண்ணுக்கு எதுவும் தப்பாது. இறங்கியதும் தோளில் கைபோட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போனாள். "அக்கா, புள்ள ஸ்டாப்பப் பார்த்து எறங்கலக்கா. ஒங்க பையப் பார்த்து எறங்குதா." ஆவுடைக்கு விளங்கவில்லை. "டிரைவர் தலைக்கு மேல ஒரு கண்ணாடி இருக்குல்லா? அதுல ஒங்களப் பார்க்கா. ஸ்டாப் வாரதுக்கு முன்னால நீங்க கீழ வச்ச பையத் தூக்கி மடியில வைக்கிய. வச்ச ஒடனே அவ எந்திச்சிருதா." அன்றைக்கு ராத்திரி ஆவுடைக்குச் சோறு இறங்கவில்லை. தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் போல இருந்தது. ஒன்பது தடவையும் பெண் ஊரைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைத்தான் பார்த்திருக்கிறாள். பெருமையாகவும் இருந்தது, அதுதான் வெட்கக்கேடு. என் பிள்ளைக்கு என் அசைவு தெரிகிறது! தெரிந்து என்ன செய்ய, அந்தக் கை இன்னும் எத்தனை காலத்துக்குப் பையைத் தூக்கும்? கணவர் சங்கரலிங்கம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேம்லாட்டி. கண்ணாடிச் சாமான நடுரோட்டுல உருட்டி வெளையாடுத கூட்டம்ட்டி அது." நல்ல மனுஷர், வடிவுக்கு இன்றைக்கும் தலை பின்னிவிடுகிறவர், பயத்தைக் கோபமாக மாற்றித்தான் அவருக்குப் பேசத் தெரியும்.  மறுநாள் ஆவுடை ஜெபமணி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி, எம் பிள்ளைய நீங்க கூட்டிட்டுப் போங்க, ஒங்க பிள்ளைய நான் பார்த்துக்கிடுதேன் என்று சொன்னாள்.

ஏனென்றால் திங்கட்கிழமை இருக்கிறது. நோட்டுப் புத்தகம் தைக்கிற ஒரு பைண்டிங் கூடம், அதை நடத்துகிற அம்மாவுக்கு வடிவின் கைவேலை பிடித்துப்போயிற்று. நூறு தாளை எண்ணி அடுக்கினால் நூறுதான் இருக்கும், தொண்ணூற்றொன்பது என்ற பேச்சே வடிவிடம் கிடையாது. ஆனால் அந்த அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். "பிள்ள வரட்டும். கொண்டாந்து விட்டுட்டு வாசல்லயே நிக்கிற அம்மா வரக் கூடாது. ஏற்கெனவே ரெண்டு பேருக்கு வேலை குடுத்தேன், ரெண்டு பேரோட அம்மாவும் உள்ள வந்து உக்காந்துகிட்டு தாள் அடுக்குனாங்க. தானா பஸ்ஸுல வந்து எறங்குவான்னு ஒங்க சங்கத்துல ஒருத்தர் பார்த்து எழுதிக் குடுங்க, திங்கக்கிழம சேர்த்துக்கிடுதேன்." எழுதிக் கொடுக்க வேண்டியவள் ஜெபமணி டீச்சர். சொந்த மகனுக்கே முட்டை மார்க் போட்ட டீச்சர், பொய்ச்சாட்சி சொல்ல மாட்டாள். வடிவு தானாக இறங்கினால் தானாக இறங்கினாள் என்று எழுதுவாள், தோளைத் தொட்டு இறக்கினால் தொட்டு இறக்கினேன் என்று எழுதுவாள். கூடத்துக்குப் போக இறங்க வேண்டிய ஸ்டாப்பின் பெயர் தியேட்டர். அங்கேதான் வந்தது வினை. தியேட்டரை இடித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. படம் பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இருந்தாலும் கண்டக்டர்கள் தியேட்டர் தியேட்டர் என்று கூப்பிட்டு ஜனங்களை இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஜனங்களும் அந்தப் பேரிலேயே இறங்கிப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். யாருக்கும் இது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை, வடிவைத் தவிர. பயிற்சி தொடங்குவதற்கு முந்தின வாரம் வழி காட்டக் கூட்டிக்கொண்டு போனபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். "தியேட்டர் இல்லை." "முன்னால இருந்துச்சுட்டி." "இப்ப இல்லை." "பேரு மட்டும் நின்னு போச்சு." "பேரு நிக்காது. ஆளுதான் நிக்கும்." பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.  அன்றைக்குப் பூராவும் வடிவு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தாள். ராத்திரி தட்டில் கையை வைத்தபடி திடீரென்று சொன்னாள்: "தியேட்டர் இல்லாத தியேட்டர்." பிரச்சினை தீர்ந்தது. அடுத்த வாரத்திலிருந்து கண்டக்டரிடம் அப்படித்தான் டிக்கெட் கேட்பாள், தியேட்டர் இல்லாத தியேட்டர் ஒண்ணு. ஆவுடை அழகான கையெழுத்தில் அட்டை எழுதிக் கொடுத்தாள்: கண்டக்டர் தியேட்டர் என்று கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும்.

பஸ் மெதுவானது. வந்தது அந்த ஸ்டாப்தான், ஆவுடை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இந்த இடத்தைத் தாண்டித்தானே போக வேண்டும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள், எதிர்ப்புறத்தில் வடிவு இறங்க வேண்டிய பூவரச மரம், அதன் கீழே ஒரு பெட்டிக்கடை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் கம்பியில் தட்டிக்கொண்டு கூப்பிட்டார், "மண்டபம், மண்டபம்! மண்டபம் எறங்கு!"  மண்டபமா? ஆமாம், மண்டபம்தான், தியேட்டர் இருந்த இடத்தில் ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபம் திறந்திருக்கிறார்கள், வாசலில் பெரிய யானை பொம்மை. ஒன்பது வாரமாக இந்த வழியாகப் போய் வருகிறவளுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? தெரியாது. ஏனென்றால் கண்டக்டர் கூப்பிடுவதை அவள் காதில் வாங்கவே இல்லை. வடிவு அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா வடிவின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேரும் ஊரைப் பார்க்கவில்லை. சில கண்டக்டர்கள் தியேட்டர் என்றிருப்பார்கள், சிலர் மண்டபம் என்றிருப்பார்கள், வயசானவர் என்றால் தியேட்டர், புது ஆள் என்றால் மண்டபம். வடிவின் கண்டக்டர் யார்? மண்டபம் என்று கூப்பிட்டால் வடிவு அசைய மாட்டாள். அட்டையில் அப்படி இல்லை. அட்டையில் இல்லாதது உலகத்தில் இல்லை. பதினாலு வயசில் ஒரு தடவை கதவு திறந்திருந்த நேரம் பார்த்துத் தெருவுக்கு வந்து, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அன்றைக்கு ஆவுடை செருப்பில்லாமல் ஜங்ஷன் முழுக்க ஓடினாள், போலீஸ்காரரிடம் அடையாளம் சொல்லும்போது பெண் பேச மாட்டாள் என்பதா பேசுவாள் என்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். கடைசியில் டெப்போவில் இருந்தாள், காலி பஸ்ஸில், செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு. யாரும் இறங்கு என்று சொல்லவில்லை, இறங்கவில்லை. அன்றைக்குத்தான் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போட்டது. போட்ட தாழ்ப்பாள் ஒன்பது வருஷம் கிடந்தது.

போன் கைக்கு வந்துவிட்டது. ஜெபமணி டீச்சர் பெயரும் வந்துவிட்டது, பச்சையை ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். டீச்சர், கண்டக்டர் மண்டபம்னு கூப்பிடுவாரு, நீங்க தியேட்டர்னு சொல்லிருங்க. அவ்வளவுதானே, ஒரு வார்த்தை, இதில் என்ன குடி முழுகிப்போகிறது? பஸ் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையும் பையைத் தூக்கி மடியில் வைக்கிற மாதிரிதான். திங்கட்கிழமை யார் சொல்லுவார்கள் அந்த வார்த்தையை? செவ்வாய்க்கிழமை? டீச்சர் நேர்மைக்காரி, சொல்லிக் கொடுத்தேன் என்று எழுதிவிடுவாள், வேலை போய்விடும். சொல்லாவிட்டால் வடிவு இறங்காமல் போவாள், அப்போதும் வேலை போய்விடும். எப்படியும் போகிறதென்றால் எதற்குச் சும்மா இருக்க வேண்டும்? முருகன்குறிச்சியில் கூட்டம் ஏறியது. ஆசீர் பக்கத்தில் ஒரு மனுஷர் சணல் பையோடு உட்கார்ந்தார். ஆசீருக்குக் கூட்டம் ஆகாது, கூட்டம் சேர்ந்தால் ம்ம்ம் என்று ஒரே ஸ்வரத்தில் முனகுவான், விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்ப்பான். முனகல் கேட்டது. சணல் பைக்காரர் திரும்பினார். "ஏ தம்பி, என்ன, காலங்காத்தாலயே தண்ணியா?" யாரோ சிரித்தார்கள். முனகல் உயர்ந்தது. ஆவுடை பாதி எழுந்துவிட்டாள். வாயில் வந்துவிட்டது, யோவ், பார்த்துப் பேசும்வே, பிள்ளையப் பத்தி என்ன தெரியும் ஒமக்கு என்று. மூன்று கூடாதுகளும் காதில் கணகணவென்று அடித்தன. ஆபத்து என்றால் போகலாம், இது ஆபத்தா? இல்லை. இது அசிங்கம். அசிங்கத்துக்கெல்லாம் ஓடக் கூடாது என்று மைமூன் மிஸ் சொல்லியிருக்கிறாள், அசிங்கம் தினமும் வரும், நீங்க தினமும் வர மாட்டியள்ளாக்கா. ஆவுடை தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தாள். ஆசீர் முனகலை நிறுத்தினான். முன்னால் உள்ள கம்பியைப் பார்த்துக்கொண்டு, செய்தி வாசிக்கிற குரலில், பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. கூட்டம் வந்தால் நான் பாடுவேன். ஜங்ஷன் வந்ததும் இறங்கிவிடுவேன். நான் குடிக்கவில்லை. நீங்கள்தான் வெற்றிலை போட்டிருக்கிறீர்கள்."

பஸ் மறுபடியும் சிரித்தது, இந்தத் தடவை சணல் பைக்காரரைப் பார்த்து. அவரும் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரிய்யா, சரி, தெரியாமச் சொல்லிட்டேன். ஜன்னலோரம் வாரியா?" என்றார். "வேண்டாம். இது என் இடம்." ஆவுடை தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுக்கவே இல்லை. அந்த வாசகங்களை எழுதியவள் அவள்தான். சங்கத்தில் மனு எழுதுகிற மேஜை அவளுடையது, சான்றிதழுக்கு, பாதுகாவலர் நியமனத்துக்கு, ரயில் சலுகைக்கு, பிளாஸ்டிக் பையில் பத்து வருஷக் காகிதங்களோடு வந்து நிற்கிற அப்பன்மார்களுக்கு எழுதுகிற அதே கையால் ஆசீருக்கும் மூன்று வரி எழுதிக் கொடுத்தாள். மூன்றே வரி. நான் குடிக்கவில்லை என்பது அதில் கிடையாது. வெற்றிலை சத்தியமாகக் கிடையாது. அது அவன் சொந்தச் சரக்கு. அட்டையில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நான் ஒரு அட்டை எழுதி மாட்டிக்கொண்டு திரிகிறேனா? வடிவு சின்னப் பிள்ளையாக இருந்தபோது டாக்டர் சொன்ன அந்த வார்த்தையை வீட்டில் வந்து சொன்னதும் நாத்தனார் கேட்டாள், ஆட்டிசமா, அதான் எப்பவும் ஆடிக்கிட்டே இருக்காளா, ஏதும் சாமியாட்டமா மதினி? அன்றைக்கு அழுதாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நாத்தனார் பாவம், வார்த்தையை வைத்துப் பிள்ளையைப் பார்த்தாள். நானும் இருபது வருஷமாக வேறென்ன செய்தேன், நானும் அட்டையை வைத்துத்தானே பிள்ளையைப் பார்க்கிறேன். பேரு நிக்காது ஆளுதான் நிக்கும் என்று சொன்னவள் யார், நானா? தியேட்டர் இல்லாத தியேட்டரைக் கண்டுபிடித்தவள் யார், மைமூன் மிஸ்ஸா?

வண்ணார்பேட்டையில் எதிரே இதே நம்பர் பஸ் ஒன்று வந்தது. ஆவுடை ஜன்னல் கம்பியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். முகங்கள், முகங்கள், ஒரு பூக்கூடை, ஒரு கைக்குழந்தை, நீலமா அது? நீலமோ பச்சையோ, போய்விட்டது. போ. இன்னும் பத்து நிமிஷத்தில் மரத்தடிக்குப் போய்விடும். போனை எடுத்து சாப்பாட்டுப் பைக்குள் தூக்குச்சட்டிக்கு அடியில் வைத்தாள், எடுக்க வேண்டுமென்றால் சட்டியைத் தூக்கி, துண்டை விலக்கி, அதற்குள் புத்தி வந்துவிடும். கூப்பிட மாட்டேன். இறங்காமல் போனால் போகட்டும், கடைசி ஸ்டாப்புக்குப் போய் உட்காரட்டும், கூட டீச்சர் இருக்கிறாள், அடுத்த வாரம் மண்டபம் என்று இன்னொரு அட்டை எழுதுவேன், அந்தப் பைண்டிங் அம்மா காலில் வேண்டுமானாலும் விழுவேன், இது இல்லாவிட்டால் வேறு கூடம், ஆனால் இந்தக் கையை இனிமேல் கண்ணாடியில் காட்ட மாட்டேன். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. தாமிரபரணியில் தண்ணீர் கொஞ்சமாகக் கிடந்தது, யாரோ வேட்டியை விரித்துக் காயப் போட்டிருந்தார்கள். பாலத்தில் ஏறினால் அந்த நினைப்பு வராமல் இருக்காது. சங்கத்தில் ஒரு வார்த்தைக்குத் தடை உண்டு: நமக்கப்புறம். முதல் வருஷம் யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் அங்கே போய்த்தான் நிற்கும், நமக்கப்புறம் யாரு சோறு போடுவா, நமக்கப்புறம் யாரு தலை பின்னுவா, மொத்தச் சங்கமும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகும். மைமூன் மிஸ் ஒருநாள் மேஜையைத் தட்டினாள். இனி அந்த வார்த்தையைச் சொல்கிறவர் எல்லாருக்கும் வடை வாங்க வேண்டும், வேறு எந்த ரூலை மீறினாலும் அதே வடைதான். கணக்கில் ஆவுடைதான் அதிகம் வாங்கியவள். பாலம் முடிந்தது. பயம் முடியவில்லை, இருக்கட்டும், அதையும் கூட்டிக்கொண்டே போகலாம்.

ஜங்ஷனில் ஆசீர் தானாக எழுந்தான், சணல் பைக்காரரிடம் "வழி விடுங்கள்" என்றான், இறங்கினான். அவன் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடை எதிர் வரிசையில்தான், கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது, நிழற்குடையில் போய் நின்றான். ஆவுடையும் இறங்கி, தூக்குச்சட்டியைத் தூக்கி, துண்டை விலக்கிப் போனை எடுத்து ஜெபமணி டீச்சருக்கு ஒரே ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணினாள். அதுதான் ஏற்பாடு. ஒரு ரிங் என்றால் பிள்ளை சரியாக இறங்கியாயிற்று, எடுக்கக் கூடாது. அடித்துக்கொண்டே இருந்தால் ஏதோ கோளாறு, எடுக்கலாம். மணி பத்து பத்து. வடிவு இந்நேரம் மரத்தை நெருங்கியிருப்பாள். ஆவுடை போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பத்து பன்னிரண்டு. வியர்வையில் போன் வழுக்கியது. ஒன்றுதான் அடிக்க வேண்டும், முருகா, ஒன்றுக்கு மேல் வேண்டாம், ஒன்று அடித்து நின்றுவிட வேண்டும். பத்து பதினாலு. ஆசீர் பக்கத்தில் வந்து நின்று அவனும் போனைப் பார்த்தான். அடித்தது. அடித்ததுதான் தாமதம், இருபத்துமூன்று வருஷமாக முந்திக்கொண்டே பழகிப்போன விரல் முந்திக்கொண்டுவிட்டது, முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துக் காதில் வைத்துவிட்டாள். ஐயோ. இனி அது ஒரு ரிங்கா பத்து ரிங்கா என்று யாருக்குத் தெரியும்? "ஏக்கா, எடுத்துட்டியளே!" என்று ஜெபமணி டீச்சர் கத்தியது கேட்டது. அதற்குப் பின்னால் வண்டி உறுமுகிற சத்தம், ஜனங்கள் சிரிக்கிற சத்தம், அதையெல்லாம் தாண்டி ஒரு ஆண்குரல், தொண்டை கிழிய: "சரி தாயீ, மண்டபம் இல்ல, ஒத்துக்கிடுதேன், இனிமே சொல்லல! தியேட்டர் இல்லாத தியேட்டர்! தியேட்டர் இல்லாத தியேட்டர் எறங்கியாச்சு! போதுமா? ரைட், போலாம்!" விசில் அடித்தது. விசிலுக்கு மேலே வடிவின் தட்டையான, திருத்தமான குரல்: "போதும்." டீச்சர் கட் பண்ணிவிட்டாள்.

கண்டக்டர் மண்டபம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். வடிவு எழுந்து நின்று, மண்டபம் இல்லை என்று அவருக்குத் திருத்திச் சொல்லியிருப்பாள், அவர் சரியாகச் சொல்கிற வரைக்கும் பஸ்ஸை நகர விட்டிருக்க மாட்டாள். ஆவுடைக்கு அது கண்ணால் பார்த்த மாதிரி தெரிந்தது. யாரும் பையைத் தூக்கவில்லை, யாரும் அட்டை எழுதவில்லை. அவள் நிழற்குடையின் சிமெண்ட் திண்டில் அப்படியே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரிப்பும் அதிலேயே வந்தது, பூக்காரி ஒருத்தி என்னம்மா என்னம்மா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"எடுத்துட்டீங்க," என்றான் ஆசீர். "ஒரு ரிங்க எடுக்கக் கூடாது. ரூல்."

"ஆமாய்யா. தப்புதான்."

"நாளைக்கு சனிக்கிழமை. வடை."

"வாங்கிட்டு வாரேன்யா." ஆவுடை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எதிரே பெருமாள்புரம் போகிற பஸ் ஒன்று நிரம்பிக்கொண்டிருந்தது, அதில் ஏற வேண்டியதில்லை, திங்கட்கிழமையும் ஏற வேண்டியதில்லை. தடை போட்ட அந்த வார்த்தை வாய்க்கு வந்தது. இந்தத் தடவை அவள் அதை விழுங்கவில்லை. "நமக்கப்புறமும் இதுக எறங்க வேண்டிய எடத்துல எறங்கிரும்யா," என்று சத்தமாகவே சொன்னாள்.

ஆசீர் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தான். "ரெண்டு தப்பு," என்றான். "ஆளுக்கு ரெண்டு வடை." சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைக் கடந்து கடைக்குப் போனான்.